கவுன்சில் ஹாலில் ஊற்றிய பினாயில்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு நகராட்சி ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் நர்ஸாக இருந்தேன். எந்த நகராட்சி என்று சொல்லப் போவதில்லை. அன்றைக்கு அதன் கவுன்சில் ஹாலில் பேசியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். வருஷா வருஷம் அவர்கள் படத்துக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காசநோய்க்காரர்களுக்கு ஊசி போடுவது என் வேலை. ராயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்து எடுப்பதற்குள் வாசலில் வரிசை சேர்ந்துவிடும். தினமும் ஒரு ஊசி, மூன்று மாதம். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அதே மருந்து பிடிக்காது. இதை நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வரிசையில் ஒருவர் துறைமுகத்தில் கரி இறக்குபவர். ஆறடி உயரம், ஊசியைக் கண்டால் மட்டும் நடுக்கம். முதல் வாரத்தில் இரண்டு முறை ஓடிப்போனார். மீன் விற்கும் அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வருவாள். “பயந்துகினு கீறாரு நர்ஸம்மா. நீ பாட்டுக்குக் குத்து, நான் புட்சிக்கிறேன்” என்பாள். ஒன்றரை மாதத்தில் இருமலில் ரத்தம் வருவது நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எப்போது வேலைக்குப் போகலாம் என்று அவர் கேட்க ஆரம்பித்த வாரத்தில்தான் மருந்து நின்றுபோனது.

டாக்டர் எனக்குக் காரணம் சொன்னார். நகராட்சி எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருந்தது. நம் ஆட்கள் அதைத் தொட்டுவிட்டார்கள். வரம்பை உயர்த்தச் சொல்லிக் கவுன்சில் தீர்மானம் போட்டால்தான் மருந்து வாங்க வழி பிறக்கும். எதிர்க்கட்சி முட்டுக்கட்டை போட, அந்தத் தீர்மானம் கவுன்சிலில் இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் வரிசையில் நின்றவர்களிடம் “நாளைக்கு வாங்க” என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரத்தில் கரிக்காரர் மறுபடி இருமத் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்துக்கு மருந்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது. முந்தின வருஷமும் இதே கடன் பேச்சுக்குப் போயிருக்கிறேன். அப்போது இந்த வருஷத்துச் சேர்மன் எதிர் வரிசையில் இருந்தார். “பிறக்காத குழந்தை தலையிலும் கடனை ஏற்றுகிறீர்களே” என்று மேஜையைத் தட்டியது அவர்தான். அன்றைக்குச் சேர்மனாக இருந்தவர், “ஏழை சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். நடுவில் நாலு பேர் கட்சி மாறினார்கள், நாற்காலியும் மாறியது. இந்த வருஷம் அவர் பேசியதை இவர் பேசினார், இவர் பேசியதை அவர் பேசினார். துண்டால் கண்ணைத் துடைப்பது உட்பட. யாருக்கும் வெட்கமாக இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து, இப்போது எதிர்க்கட்சித் தலைவராகிவிட்ட பழைய சேர்மன் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மருந்து இல்லாம யாராவது பாதிக்கப்பட்டிருக்காங்களா?”

மருந்து நின்றுபோன அறுபத்து மூன்று பேரின் பெயர் என் மடியிலிருந்த பதிவேட்டில் இருந்தது. ஆனால் ஹாலுக்குள் நுழையும்போதே ஓர் அதிகாரி, “உங்க போஸ்ட் இன்னும் நிரந்தரம் ஆகலைம்மா, பார்த்துப் பேசுங்க” என்று காதில் சொல்லியிருந்தார். பிறகு அது நிரந்தரமும் ஆனது.

“கொஞ்சம் தட்டுப்பாடு, ஐயா” என்றேன்.

“கேட்டீங்களா! கொஞ்சம் தட்டுப்பாடாம். இதுக்கா இவ்வளவு ஒப்பாரி?”

“கொஞ்சமா?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மீன்காரி. புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். “தோ பாரு, இவரு கொஞ்சமா கீறாரா? ஒரு மாசமா நாளிக்கு வா, நாளிக்கு வான்றாங்க. இன்னாத்துக்குய்யா கூடிக்கூடிப் பேசறீங்க?”

சேர்மன் எழுந்து கரிக்காரரைக் கையால் காட்டினார். “பாருங்கள், உங்கள் பிடிவாதம் செய்த வேலையை!” எதிரே இருந்தவர், “ஆள் பிடித்து நாடகமா ஆடுகிறீர்கள்?” என்று கத்தினார். இரண்டு பேரும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் கத்தினார்கள். உட்கார ஒரு நாற்காலி கொடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கரிக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். சிமெண்ட் தரையில் ரத்தம் விழுந்தது.

கூட்டம் பத்து நிமிஷம் ஒத்திவைக்கப்பட்டது. பியூன் பெரிய பாட்டில் பினாயிலைக் கொண்டுவந்து ரத்தம் விழுந்த இடத்தில் கவிழ்த்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கே பினாயில் இல்லாமல் வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் கரிக்காரரையும் அவர் மனைவியையும் வெளியே அழைத்துப் போனபோது வராந்தாவில் கவுன்சிலர்கள் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். சேர்மனும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்தார்கள். ஒருவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு மற்றவர் தோளில் தட்டிச் சிரித்தார்.

“சண்ட போட்டவனுங்கதானே இவனுங்க?” என்று கரிக்காரர் கேட்டார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

கூட்டம் திரும்பக் கூடியபோது வெளியாட்கள் ஹாலுக்குள் வராமல் இருக்க ஒரு காவலாளை வைப்பது என்று முடிவானது. இரண்டு தரப்பும் கை தூக்கியது. கடன் வரம்பு அடுத்த கூட்டத்துக்குப் போனது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ரோடு காண்டிராக்ட் வந்தது. அதற்குப் பணம் வேண்டும் என்றதும் வரம்பை உயர்த்தும் தீர்மானம் ஒரே நாளில் நிறைவேறியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மருந்தும் வந்தது. கரிக்காரருக்கு மறுபடி முதலிலிருந்து ஊசி போட்டேன். இந்த முறை அவர் நடுங்கவில்லை, கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து பிடிக்கவில்லை. சளிப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவரைத் தாம்பரம் காசநோய் சானடோரியத்துக்கு அனுப்பினோம். மழைக்காலத்தில் அங்கேயே இறந்தார்.

அவர் மனைவி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, அவருடைய சீட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். “அன்னிக்கு ஏன் நர்ஸம்மா கொஞ்சம்னு சொன்ன?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சிரிஞ்சைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவள் சீட்டை இடுப்பில் செருகி, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.