அருளப்பன் வரைந்த நம்ம ஊர்ப் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை, கட்டிங் மாஸ்டரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் அடித்தது. அருளப்பனின் மகள், எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஸ்டெல்லா பேசினாள். "மேடம், அப்பா போயிட்டாருங்க. காலைல காப்பி குடிச்சுட்டு உக்காந்தாருங்க, அவ்வளவுதானுங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, மாஸ்டரிடம் எதற்காகச் சண்டை போட்டேன் என்பதே நினைவில்லாமல் நின்றேன்.

அவர்கள் வீடு இருக்கும் நல்லூருக்குப் போய்ச் சேருவதற்குள் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். 'பெயிண்டர் அருளப்பன்' என்று போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவரில்லை. எழுத்தெல்லாம் கோணல், படத்தில் முகமே தெரியவில்லை. ஊர் முழுக்கப் பனியன் பெட்டிக்குப் படம் போட்டுக் கொடுத்தவருக்குக் கடைசியில் வாய்த்த படம் இதுதானா என்று அங்கேயே கத்திவிட்டேன். யாரோ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் இந்தத் திருப்பூரிலிருந்து வெளியூர் போன பனியன் பெட்டிகளில் பாதிக்கு மேல் அருளப்பன் அவர்கள் வரைந்த படம் இருந்தது. கல்கத்தாவுக்குப் போகும் பெட்டியில் மீசை இல்லாத, கண்ணாடி போட்ட ஆள். பீகாருக்குப் போகும் பெட்டியில் தொடை தட்டும் பயில்வான். கேரளாவுக்கு என்றால் படகும் காயலும். உள்ளே இருப்பது ஒரே மிஷினில் ஓடிய ஒரே பனியன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏன் இத்தனை படம், ஒன்றே போதாதா என்று கேட்டேன். "பனியன் ஒண்ணுதானுங்க மேடம். ஆனா பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னால அவனவன் ஊரு ஆளப் பாக்கோணும்ல்லங்க" என்றார்.

திருப்பூருக்கான பெட்டி எது என்று கேட்டதற்குச் சிரித்தார். "நம்ம ஊருக்குப் பெட்டியே இல்லீங்க. நாம வாங்கறது ஓட்ட விழுந்துச்சுன்னு கழிச்சு, ரோட்டோரம் குமிச்சு வெச்சிருக்கற செகண்ட்ஸ். அதுக்கெதுக்குங்க பெட்டி?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு இதே பேச்சை நான் பலமுறை கேட்க வேண்டிவந்தது, ஆனால் எல்லா முறையும் அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

எக்ஸ்போர்ட் பெருகியதும் அவரை எங்கள் பிரிண்டிங் யூனிட்டுக்கு அழைத்து வந்தேன். வேலை, படத்தை நிறம் நிறமாகப் பிரிப்பது. அச்சில் ஒவ்வொரு நிறமாகத்தான் ஏறும் என்பதால், ஒரு படத்தில் ஆறு நிறம் இருந்தால் ஆறு பிலிம், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள். ஒவ்வொரு பிலிமிலும் அந்த நிறம் வரும் இடத்தை மட்டும் கறுப்பு மையால் வரைந்து, ஓரத்தில் நிறத்தின் பெயரை எழுதிவிட வேண்டும். சிவப்பையும் கறுப்பில்தான் வரைய வேண்டும், மஞ்சளையும் கறுப்பில்தான். "கண்ண மூடுனா கலரு தெரியுமுங்க" என்பார். தெரிந்துதான் இருந்தது, ஒரு பிலிம்கூடப் பிசகியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வரும் பையர் அம்மாள் ஒருவர் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். பாதி அமெரிக்காவுக்கு, பாதி ஜப்பானுக்கு. டிவியில் விளையாடும் ஒரு வீடியோ கேமின் படத்தை அச்சடிக்க வேண்டும். ஒரு சிறுவன் தவளை மேல் ஏறிச் சவாரி போகும் கேம் அது. அந்தந்த நாட்டில் விற்கும் கேம் பெட்டியில் ஒவ்வொன்றைச் சாம்பிளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தபோது, தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அமெரிக்கப் பெட்டியில் சிறுவனே இல்லை. தொடை தொடையாக ஒரு ஆள், கையில் வாள், பின்னால் தீ. தவளை பல்லெல்லாம் வைத்து எருமை மாதிரி நின்றது. ஜப்பான் பெட்டியில் உருண்டைத் தலையோடு ஒரு பொடியன், வெள்ளை மேகம், தவளை அவனைப் பார்த்துச் சிரித்தது. கேமின் பெயர் மட்டும் ஒன்று. ஏதாவது ஒரே படத்தை இரண்டு ஊருக்கும் போட்டு வேலையை முடிக்கலாம் என்றேன் நான்.

"ஏனுங்க மேடம், பீகார் பெட்டியக் கல்கத்தாவுக்கு அனுப்புவீங்களா?" என்று அருளப்பன் முறைத்தார். லென்ஸை எடுத்து இரண்டு பெட்டியையும் அரை நாள் பார்த்தார். "இந்த அமெரிக்காக்காரரு சினிமா போஸ்டருக்கு வரைஞ்ச கைங்க. ஆயில் பெயிண்ட்ல போட்டுருக்காரு, வேர்வை மினுங்கறதப் பாருங்க. ஜப்பான்காரரு பொம்மக் கத படிச்சு வளந்த கை. கோடுதான் முதல்ல, கலரு அப்புறம்." பிறகு பெட்டியைத் தட்டிக் கேட்டார்: "நெசமான பையன் எவனுங்க? கேமப் பாக்கோணுமே."

என் கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டிவி கேம் எங்கள் வீட்டில் இருந்தது. அந்தத் தவளை கேமும் பல்லடம் ரோட்டுக் கடையில் கிடைத்தது. யாரோ காப்பி போட்ட கேசட், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பெட்டி கிட்டி எதுவும் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருளப்பன் வந்து டிவிக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார். சிறுவன் என்று திரையில் ஓடியது பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். தவளை இன்னும் ஒரு இருபது.

"இதுல மூஞ்சி எங்கீங்க?" என்றார். என் மகன் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினான்.

அருளப்பன் திரைக்கு இன்னும் நெருங்கிப் போய் அதைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடக் கடவுளே! அந்தப் பெட்டி வரைஞ்ச ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே குடுக்கலீங்க மேடம். இந்த நாலு கட்டத்தக் குடுத்துட்டுப் படம் போடுன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? அவங்கவங்க ஊருல இருந்து எடுத்துக்கிட்டாங்க." கிளம்பும்போது அந்தக் கவரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊருக்கு வந்தா மட்டும் இதுக்கும் பெட்டி கெடையாது. கேம்லயும் நமக்கு செகண்ட்ஸ்தானுங்களா?" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இரண்டு ஊருக்கும் இரண்டு படமாகவே பிரித்துக் கொடுத்தார். கூடவே, யாரும் கேட்காமல், மூன்றாவதாக ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டம், பருத்திச் செடி, மோட்டார் ரூம். எண்ணெய் வழித்துச் சீவிய தலை, வெயிலுக்குச் சுருக்கிய கண், தோளிலிருந்து நழுவும் செகண்ட்ஸ் பனியன். அந்தப் பையன் தவளை மேல் உட்கார்ந்திருந்தான். கீழே மூலையில் 'அருளப்பன்' என்று இருந்தது. எத்தனையோ பெட்டி வரைந்த மனிதர் தன் பெயரை எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தவளைக்கு மட்டும் நிறம் கொடுக்கவில்லை. ஏன் என்றேன். "புதுமழைக்கு எங்க தோட்டத்துல வர்ற தவள நல்ல மஞ்சளுங்க. மஞ்சள்னு போட்டா சிரிப்பாங்களோன்னு உட்டுட்டேன். பையர்கிட்டக் காட்டுங்க, தவளைக்கு அவங்க கலரு சொல்லட்டும். நம்ம ஊருல இந்த கேம விக்கறதுக்கு இந்தப் பெட்டியப் போடச் சொல்லுங்க மேடம்."

பையர் அம்மாள் வந்தார். படம் என் ஃபைலில் இருந்தது. சந்தர்ப்பமும் கிடைத்தது, சாம்பிள் எல்லாம் பார்த்து மனம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஃபைலைப் பாதி திறந்தேன். அந்த நழுவிய பனியன் கண்ணில் பட்டது. உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊரில் நம் பையன் செகண்ட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பதை வெள்ளைக்கார அம்மாளிடம் காட்டக் கூசியது. மூடிவிட்டேன்.

"காட்டுனீங்களா?" என்று மறுநாள் கேட்டார். "காட்டினேங்க. யோசிச்சுச் சொல்றேன்னாங்க" என்றேன். அந்த நேரத்துக்குத் தப்பிக்கச் சொன்ன பொய். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலாவது ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும். நான் அவரைக் காத்திருக்க வைத்தேன். ஒவ்வொரு கூரியர் வரும்போதும் என் மேசைப் பக்கம் வருவார். "தவளைக்கு ஏதாச்சும் சொன்னாங்களா மேடம்?" "இன்னும் இல்லீங்க." யூனிட்டில் இது கேலியாகவே ஆகிவிட்டது. அவரைப் பார்த்தால் "தவள வந்துச்சுங்களா?" என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு வருடம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

வேலம்பாளையத்துக்கு ஆபீஸ் மாறியபோது பழைய ஃபைல்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். அதில் அந்தப் படமும் போய்விட்டது என்று எனக்குத் தெரிய வந்தது ஆறு மாதம் கழித்து. அதையும் அவரிடம் சொல்லவில்லை. தினமும் பார்த்த மனிதரிடம் இத்தனை வருடத்தில் ஒரு ஐந்து நிமிடம் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல முடியவில்லை என்றால் நானெல்லாம் என்ன ஜென்மம்?

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், ஸ்டெல்லா உள்ளேயிருந்து ஒரு சுருளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நூல் கட்டிய ஆறு பிலிம்கள். "அப்பா இத உங்களுக்குன்னு வெச்சிருந்தாருங்க. மேடம் சொன்னதும் பிரிண்ட் போட்டரலாம்னு சொல்லிட்டே இருப்பாருங்க."

அந்தப் பையனேதான். படத்தை நான் தொலைத்துவிட்டேன், அவர் என்னிடம் கொடுப்பதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தார். எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய சின்ன எழுத்து: தோல், பனியன் வெள்ளை, செடிப் பச்சை, வானம், கோடு. ஆறாவது பிலிமில் தவளை. அதன் ஓரத்தில் 'மேடம் சொல்லுவாங்க' என்று எழுதியிருந்தது.

"நான் அந்தப் படத்த யாருக்கும் காட்டவே இல்ல கண்ணு" என்றேன். திரும்பவும் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "அப்படிங்களா" என்றாள். வேறொன்றும் கேட்காமல் பிலிம்களைச் சுருட்டி, நூலைக் கட்டி, என் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள்.

இன்று காலை ஆறாவது பிலிமை மட்டும் விரித்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அவர் எழுதியதை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி, ஆறையும் பிரிண்டிங்குக்கு அனுப்பப் போகிறேன். நம்ம ஊரில் விற்கும் பனியன் பெட்டி மேலே, அவர் பெயரோடு.

மஞ்சளுங்க அருளப்பன். தவளைக்கு மஞ்சள். போய் வாருங்கள்.