நடுவில் இல்லாத பீரங்கி

முதலிபாளையத்துப் பிரிண்டிங் யூனிட் மேஜையில், என் டாங்கி மாடல் கண்காட்சிக்கான முந்நூறு டி-ஷர்ட்டுகள் மடித்து அடுக்கியிருக்கின்றன. கண்காட்சி நாளை மறுநாள். ஒன்றை விரித்துப் பார்க்கிறேன். மார்பில் இருப்பது என் டாங்கியே இல்லை.

நான் அனுப்பிய படம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சோதனைக்காகச் செய்த ராட்சத வண்டியுடையது. அதன் பீரங்கிக் கூண்டு பின்பக்கம் தள்ளி இருக்கும். அதுதான் அதன் அடையாளம். படத்தில் கை வைக்காதீர்கள் என்று மூன்று முறை போனில் சொன்னேன். இவர்களோ கூண்டை நகர்த்தி நட்டநடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"யாருங்க மாத்தச் சொன்னது?"

"நானுங்க" என்கிறார் செக்கிங் பார்க்கும் சுந்தரி. கழுத்துத் தையலிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து காட்டுகிறார். "உங்க படம் சென்டர் அவுட்டுங்க. அப்படியே அடிச்சா வாங்குற எந்த பையரும் எடுக்க மாட்டாங்க."

நான் ஒப்புதல் தந்த சாம்பிளை நீட்டுகிறார். அதில் பின்னால் தள்ளியிருக்கும் கூண்டின் மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பழுதான பீஸுக்கு ஒட்டுவது அது.

"அந்த வண்டியே அப்படித்தாங்க!" கத்தியே விடுகிறேன். "உலகத்துலயே ரெண்டுதான் செஞ்சாங்க. அதோட நிறுத்திட்டாங்க."

"சாம்பிளோடயேங்களா? பல்க் ஆர்டர் போகலீங்களா?"

"போகலை."

சுந்தரியின் முகம் தெளிகிறது. உரியத் தொடங்கிய அம்புக்குறியை விரலால் அழுத்தி ஒட்டுகிறார்.

"அப்ப அங்கயும் செக்கிங்ல ஒழுங்கான ஆளு இருந்திருக்காங்க."