நடுப்பல்

"மன்னிச்சுக்கோடா கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பாள். செத்த புழுதான், இருந்தாலும் சொல்லுவாள். அரிசி நீளம்கூட இருக்காது. வளர்ந்திருந்தால் கொசு மாதிரியே ஒரு பூச்சி, ஆனால் யாரையும் கடிக்காத அப்பாவி. தலையைத் தனியே எடுத்து, கண்ணாடித் துண்டில் மல்லாத்தி, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து அமுக்கினால் முகவாய் தெரியும். அதிலிருக்கும் பல் வரிசையை வைத்துத்தான் இன்ன இனம் என்று சொல்ல வேண்டும்.

மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்; முதலில் முகவாய், பிறகுதான் முகம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் 'பல் டாக்டரம்மா' என்றே பேர். "சொத்தைப் பல்லுக்கு என்ன ஃபீஸு?" என்று வம்பிழுப்பார்கள். "முதல்ல வாயை மூடுங்க, அப்புறம் சொல்றேன்" என்பாள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டால் அவள் இந்த உலகத்திலேயே இல்லை. வட்ட வெளிச்சத்தில் ஏரியின் அடி விரியும். சேற்றில் குழல் கட்டிக்கொண்டு புழுக்கள் அசைந்தபடி இருக்கும். மேலே, ரொம்ப மேலே, அண்ணனுடைய படகின் நிழல் மெல்லப் போகும். சவாரிக்காரர்களை ஏற்றித்தான் அண்ணனுக்குப் பிழைப்பு. பெரிய படகுக்காரர், ஆனால் ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சின்ன வயதில் சாவித்துவாரம் வழியே எதைப் பார்ப்பதானாலும் இவள்தான் அவருடைய ஒரு கண்ணைப் பொத்திவிட வேண்டும்.

இந்த வாரம் அதே ஏரிப் புழுக்களுக்கு நடுப்பல்லைக் காணோம். மணலை அரைத்துத் தேய்ந்ததென்றால் பிழைத்தோம். முளைக்கும்போதே இல்லையென்றால் சேற்றில் விஷம், ஏரியை மூடிவிடுவார்கள்.

"தேய்மானம்தான், வேறென்ன" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. உறுதியாகத் தெரிய, அப்போதுதான் தோலுரித்துப் பல்லும் புதிதாக முளைத்த புழு ஒன்று வேண்டும். அது இன்னும் ஒரு மணல் துகளைக்கூடக் கடித்திருக்காது. தேடித் தேடி, தலை வெளிறிய ஒன்றை எடுத்தாள். பக்கத்துப் பற்களெல்லாம் புத்தம் புதுக் கூர்மை. நடுவில் மட்டும் வழுவழுவென்று ஒரு பள்ளம். தேய்ந்ததில்லை, முளைக்கவே இல்லை.

சாயங்காலம் நனைந்த கால்சட்டையோடு அண்ணன் வந்து நின்றார். "என்னம்மா, தேஞ்சதுதானே?"

"நடுவுல பல்லு இருக்கான்னு நீயே பாருண்ணா." முக்காலியை விட்டு எழுந்தாள்.

பழைய ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப். அண்ணன் குனிந்தார். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

"ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார், கொஞ்சம் நம்பிக்கையோடுகூட.

அவள் பின்னால் வந்து நின்று, அவருடைய இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.