வெள்ளைக்காரக் கிராணி பெரிய திரைக்குப் போன சனிக்கிழமை

ஏரியலைத் தெற்கே திருப்பும்போது எங்கள் தொலைக்காட்சியிலிருந்து, சூடான மணலில் கடலை புரள்வது போல ஒரு சத்தம் வரும். அப்பா கூரையோரத்தில் நின்று ஏரியல் கட்டிய மூங்கிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, உள்ளிருந்து நாங்கள் "இன்னும், இன்னும், போதும்" என்று கத்த, அந்தச் சத்தம் சட்டென்று அடங்கி, சிங்கப்பூர் அலைவரிசையின் ஆங்கிலம் வீட்டுக்குள் வந்துவிடும். எண்பதுகளின் பிற்பகுதியில், மலேசியாவின் தெற்கே, செனாய்க்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த ஏழு குடும்பங்கள் வரிசையாகப் பலகை வீடு போட்டிருந்த இடத்தில், செவ்வாய்க்கிழமை ஏழரை மணி என்றால் இதுதான் காட்சி. புதன்கிழமை என்பாள் சாந்தி அக்கா. செவ்வாய்தான், ஒரு தொழிற்சாலையில் "ஜாகா"வாக, அதாவது காவலாளியாக இருந்த அப்பாவுக்கு ஓய்வு நாள் அதுதான், அவரைத் தவிர ஏரியலைத் தொட வேறு ஒருவருக்கும் அனுமதி இல்லை.

அந்த நேரத்தில் ஓர் ஆங்கிலேய நகைச்சுவைத் தொடர் வரும். ஏதோ ஒரு சிற்றூர் அஞ்சலகத்தின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான எழுத்தர், வருகிற ஒவ்வொருவரையும் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார், கதை அவ்வளவுதான். தோட்டத்து அலுவலகத்தில் பெயர் பதியும் எழுத்தரைக் "கிராணி" என்று சொல்லிப் பழகியவர்கள் எங்கள் பெரியவர்கள், ஆகவே அவர் வந்த முதல் வாரத்திலேயே "வெள்ளைக்காரக் கிராணி" ஆகிவிட்டார். அவர் பேசுவது அவர்களில் ஒருவருக்கும் புரியாது. இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் படித்துக்கொண்டிருந்த அக்காதான் பெட்டிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்து, அவர் சொல்வதையெல்லாம் தமிழில் சொல்வாள். ஒரு கிழவி பொட்டலத்தோடு கவுண்டருக்கு வந்து நிற்பாள், கிராணி கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்வார், அக்கா குரலை மூக்குக்கு ஏற்றிக்கொள்வாள்.

"'ஏம்மா, சூரியன் உச்சிக்கு வந்தப்பறம் பால் வெட்ட வரியா? பெரட்டு முடிஞ்சி எவ்வளவு நேரமாச்சி! இன்னிக்கு ஒனக்குப் பேர் கெடையாது, போ போ'ங்கிறாரு."

விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் "பெரட்டு"க்கு ஒரு நிமிடம் பிந்தி, அன்றைய வேலையை இழந்து தொழிலாளர் லயத்துக்குத் திரும்பி நடந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். "அலமாக்! நம்ம மூனாம் டிவிஷன் கிராணியேதான் லா! வெள்ளத் தோலப் போத்திக்கிட்டு வந்துருக்கான், பாவி!"

அந்தச் சிரிப்பில் அப்பாவுக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. அக்கா ஐந்தாம் படிவத்தை முடித்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. சித்தப்பாவோ, "பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல என்னாண்ணே படிப்பு? எதுத்தாப்லயே ஃபேக்டரில ஆள் எடுக்குறான்" என்று வரும்போதெல்லாம் சொல்வார். அப்பா தொலைக்காட்சியைக் காட்டுவார். "எம்மவளுக்கு வெள்ளக்காரன் வாய அசச்சாலே புரியுது. அவளப் போயி நட்டு முறுக்கச் சொல்றியா?"

அந்தக் கிராணியை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுத்திருக்கிறார்கள், அது ஜொகூர் பாருவுக்கு வருகிறது என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் நான்தான். நான்காம் வகுப்பு மாணவி, எதையும் முதலில் அறிவிப்பதில் பெருமை. வீட்டு வரிசையே குதித்தது. அக்கா மட்டும், "பெரிய படத்துல அவன் நல்லாருக்க மாட்டான் லா. டிவியிலதான் அவன் நல்லாருப்பான்" என்றாள். பிற்காலத்தில் இதே கருத்தைப் பல விமர்சகர்கள் நீளமாக எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன்: அரை மணி நேரத்துக்கு அளந்து தைத்த சட்டையை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தால் கிழியும் என்பார்கள். எல்லாம் நியாயமான வாதங்கள்தான். ஆனால் அக்கா அன்று விமர்சனம் செய்யவில்லை, பயந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளி விடுமுறையின் இரண்டாம் சனிக்கிழமை என்று என் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அப்பா விடுப்புப் போட, ஒன்பது பேர் பேருந்தில் போனோம், பத்தாவதாக மாஸ்டரும் வந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஆங்கிலப் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர், செனாய் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பழக்கம். மகள் மொழிபெயர்ப்பதை இங்கிலீசு தெரிந்த ஒருவர் காதால் கேட்கட்டும் என்று அப்பாவே வற்புறுத்தி அழைத்திருந்தார். தியேட்டரில் அவரை அக்காவுக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்காரவும் வைத்தார்.

விளக்கு அணைந்தது. எங்கள் பதினான்கு அங்குலப் பெட்டியில் விரலளவு இருந்த கிராணியின் மூக்கு, வீட்டுக் கதவளவு இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து பாக்கியம் அத்தை குனிந்தார்.

"சாந்தி, என்னாம்மா சொல்றான்?"

அக்கா மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொல்லு லா!" என்று அத்தை தோளைத் தட்டினார். அக்கா மெல்லிய குரலில், "'தண்டலக் கூப்புடு, இந்த ஆளுங்க மரத்த ஒழுங்கா வெட்டல'ங்கிறாரு" என்றாள். தோட்டத்தில் ஆள்களை மேய்ப்பவர்தான் தண்டல்.

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். குற்றம் கண்டுபிடிக்கும் மனிதர் அல்லர், உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "பிள்ளை, அவன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே. கப்பல் டிக்கெட்டைக் காணேல்லை எண்டெல்லோ சொல்றான்?"

அதன் பிறகு அக்கா பேசவே இல்லை. மீதிப் படம் முழுவதும், ஒரு கப்பல், ஒரு தீவு, ஒரு கல்யாணம், துரத்தல், தண்ணீரில் விழுதல் எல்லாம் எங்கள் முன்னால் நடந்தன. நாங்கள் ஒன்பது பேரும் யாரோ தெரியாதவர் வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் அத்தை சொன்ன ஒரே விமர்சனம், "கிராணிய ஆபீசவிட்டு வெளிய இழுத்துக்கிட்டு வந்தா, அவன் எப்புடி லா கிராணி?" என்பதுதான். அதைவிடச் சரியான வாக்கியத்தை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

மாஸ்டர் மகன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஜொகூர் பாருவிலேயே தங்கிவிட்டார். திரும்பும் பேருந்தில் அக்கா அப்பாவிடம் தானாகவே சொன்னாள்.

"அவன் பேசறது எனக்குப் பாதிகூடப் புரியாதுப்பா. பள்ளிக்கூட இங்கிலீசு வேற, அவன் பேசற வேகம் வேற. மொத நாளு எல்லாருக்கும் முன்னால நீங்க கேட்டிங்க, தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"எல்லாம் நீயே சொன்னதா?"

"ம்."

ஸ்கூடாய் தாண்டும்வரை அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். சித்தப்பா சொன்ன ஃபேக்டரி அவர் மனக்கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கும் தெரிந்தது, அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் திரும்பினார்.

"ஆறாம் படிவம் போ. ஒழுங்காக் கத்துக்க. இனிமே புரிஞ்சத மட்டும் சொல்லு."

அக்கா அழுதாள். பின்னாலிருந்து பாக்கியம் அத்தை பதறினார். "ஐயோ அண்ணே, படிக்க வைங்க, அது நல்லது. ஆனா அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் வாபஸ் வாங்கிக்கிங்க!"

அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாரும் வந்தார்கள். அக்கா மடியில் அகராதியோடு உட்கார்ந்து, "நாளைக்கு வரச் சொல்றாரு," "முத்திரை ஒட்டலங்கிறாரு" என்று புரிந்ததை மட்டும் சொன்னாள். மற்ற நேரமெல்லாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம் அத்தை மட்டும் வந்தார், ஐந்தாவது வாரம் அவரும் வரவில்லை.

அக்கா ஆறாம் படிவம் தேறி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானாள். சாட்சி சொல்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. அவள் ஒருமுறையும் சேர்த்ததில்லை என்று நீதிபதிகளே சொல்வார்களாம். அப்பா அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார். பாக்கியம் அத்தையும் இல்லை. பலகை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு சரக்குக் கிடங்கு நிற்கிறது. கிராணியின் தொடர் மட்டும் முழுதாக இணையத்தில் கிடைக்கிறது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன், வசனங்கள் சுமார்தான். பெரட்டும் பால்வெட்டும் மூன்றாம் டிவிஷனும் தெரிந்த அந்த இன்னொரு கிராணியை ஒருவரும் பதிவு செய்யவில்லை.

போன மாதம் ஸ்கூடாயில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பகுதியைப் போட்டு, அந்தக் காலம் போலச் சொல் என்றேன். அவள் சிரித்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள், குரலை மூக்குக்கு ஏற்றினாள். கிராணி இரண்டு வாக்கியம் பேசி முடித்தார். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"முடியல லா," என்றாள். "இப்ப அவன் சொல்றது எல்லாம் புரியுது. புரிஞ்சப்பறம் எப்புடி மாத்திச் சொல்றது?"

நான் ஒலியை முழுவதும் குறைத்தேன். அவள் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியத் தொடைக்கிறாரு," என்றாள் கடைசியில்.

ஆமாம், துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.