அப்பா இல்லை என்றேன்

காதில் வைத்ததும் சில்லென்றிருந்தது அந்தக் கறுப்பு ரிசீவர். வாய்ப்பக்கம் யார் யாரோ போட்ட வெற்றிலையும் மூக்குப்பொடியும் கலந்து நாறியது. ஐம்பதுகளில் ஓசூர் தபால் ஆபீசுக்கு வெளியூரிலிருந்து "டிரங்கால்" வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னால், என்ன கேடோ என்று தெருவே எட்டிப் பார்க்கும். எனக்கு ஒன்பது வயது. பெங்களூர் மில்லில் வேலை பார்த்த அப்பா சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிறு தங்கிப் போவார். அந்த வாரம் வரவில்லை. டிரங்கால் என்று ஆள் வந்ததும் அம்மா தலைகூட வாராமல் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

முதலில் அவள்தான் கேட்டாள்; கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. அப்பாவுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அவர் பஸ் இறங்கி யாரிடமாவது கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தாலே தெருமுனையில் எங்களுக்குத் தெரிந்துவிடும். போனில் வந்த குரலோ கனமெல்லாம் வடிந்து, மூக்கால் பேசுவது போல, இரைச்சலுக்கு நடுவே விட்டு விட்டு வந்தது. "அவர்தானான்னு பேரச் சொல்லிக் கேளுங்கம்மா, மூணு நிமிசந்தான்" என்று அவசரப்படுத்தினார் போஸ்ட் மாஸ்டர். கட்டியவன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அம்மா என்ன செய்வாள், ரிசீவரை என் காதில் வைத்து, "உங்கப்பனா பாரு" என்றாள்.

"பாப்பா... நான்தாம்மா... இன்னைக்கே வந்துருங்க..."

"அப்பா இல்லம்மா" என்றேன். அவள் மறுபடி கேட்டாள். நான் இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். அதற்குள் லைன் போய்விட்டது. யாரோ ஓர் ஆண்பிள்ளை கூப்பிட்டால் பெங்களூருக்குப் போய்விட முடியுமா, நிஜமென்றால் தந்தி வரும் என்று அம்மா வீடு திரும்பினாள்.

மறுநாள் தந்தி வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது. நினைவு திரும்பாமலே அப்பா இரண்டு நாளில் போய்விட்டார். உள்ளே கொண்டுபோகும்வரை, போன் செய்துவிட்டேன், வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பக்கத்துக் கட்டில்காரர் அம்மாவிடம் சொன்னார்.

"எனக்கே தெரியல, நீ கொழந்த, உனக்கு என்னா தெரியும்" என்று அம்மா சாகும்வரை சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு அலுப்பும் ஆத்திரமும்தான் வந்தன. ஒரு தடவை அடித்திருந்தால் தேவலை.

இன்று ஓசூரில் திரும்பின பக்கமெல்லாம் கம்பெனி, ஷிப்டு பஸ், ஆளுக்கொரு போன். பேத்தி தன் குழந்தையின் மழலையைக்கூடப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, கேளு பாட்டி, கேளு பாட்டி என்கிறாள். கேட்கிறேன். அந்த ரிசீவரும் இல்லை, டிரங்காலும் இல்லை, போகட்டும். அப்பாவின் கனத்த குரலைத்தான் எத்தனை முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கண்ணை மூடினால், "நான்தாம்மா" என்கிற அந்த மெலிந்த குரல் மட்டுமே வருகிறது. எனக்குத் தெரிந்த அப்பாவின் குரல் இப்போது அது ஒன்றுதான்.