வேலியோரத்து ஆண்கொடி

விங்கோ பஸ் டிரைவர். ஆனால் சவீனியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவன் ஓட்டும் பஸ்ஸைவிட, வீட்டுக் கொட்டகையில் காய்ச்சும் பியருக்குத்தான் பேர் அதிகம். கசப்புக்கு அவுரோரா என்ற ஹாப் பூவைக் கொதியில் போடுவான். இறக்கும்போது வாசத்துக்குச் செலேயா என்ற இன்னொரு வகை, அது பக்கத்து வயல்காரி மிலேனா கொடுப்பது. புளித்து அடங்கியபின் மூன்றாவதாக ஒரு பூவை ஒரு கை அள்ளிப் போடுவான். அது என்னவென்று மட்டும் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அவுரோரா தூக்கலாகிவிட்டால் நாக்கு வறளும். செலேயா கூடினால் புல் வெட்டிய வாசம்தான் மிஞ்சும். இரண்டையும் இணைக்க ஒன்று தேவைப்பட்டது. ஆற்றோரப் புதரில் அகப்பட்ட காட்டு ஹாப் கொடியின் பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தபோது, எலுமிச்சைத் தோல் வாசம் குப்பென்று ஏறியது. வேரோடு பெயர்த்து வந்து கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஏற்றிவிட்டான்.

அந்த வருஷ அறுவடை விருந்தில் மிலேனா மூன்று கிளாஸ் குடித்தாள். "டிரைவரே, இதுல என்னத்தப் போட்ட? சொல்லாட்டி உன் பஸ்ல ஏறமாட்டேன்."

"நடந்து போக்கா. உடம்பாவது இளைக்கும்."

பெயர்த்து வந்த வேரில் இரண்டு செடி இருந்திருக்கிறது. அடுத்த வருஷம் இரண்டாவதும் முதலாவதைப் பின்னிக்கொண்டு ஏறியது. ஜூலையில் அதில் திரண்ட பூ வரவில்லை. குஞ்சம் குஞ்சமாக மகரந்தத் தூள்தான் தொங்கியது. ஆண்கொடி. அந்தத் தூள் பறந்து வயலில் விழுந்தால் பூவெல்லாம் விதை பிடிக்கும், வாசம் போகும். ஹாப் விளையும் ஊரில் அதை நிற்கவிடக் கூடாதென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

விங்கோ அரிவாளை எடுத்தான். அடியிலிருந்தே பின்னிக்கிடந்ததால், ஆண்கொடியை வெட்டினால் மொட்டுவிட்ட பெண்கொடியும் சேர்ந்தே அறுபடும். விருந்துப் பியருக்கு மூன்றாவது பூ இராது. ஒற்றைக் கொடிதானே, காற்றும் மிலேனா வயல் பக்கம் அடிக்கவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்தி, அரிவாளைத் திரும்ப மாட்டினான்.

செப்டம்பரில் மிலேனா ஒரு மூட்டையைக் கொட்டகை வாசலில் தொப்பென்று போட்டாள். "இந்தா, வச்சுக்கோ. விதை விழுந்திருச்சுன்னு வியாபாரி மொத்தத்தையும் திருப்பிட்டான். உன் பானைக்கு விதையாவது ஒண்ணாவது!"

விங்கோ ஒரு பூவைக் கசக்கினான். மஞ்சள் பொடிக்கு நடுவே விதை நறநறத்தது. கையை மூக்குவரை கொண்டுபோக முடியவில்லை.

"எல்லாம் அந்தக் கீழ்வீட்டு லுத்விக் வேலை. சோம்பேறி, ஆத்தோர வேலியில முளைக்குற ஆண்கொடிய என்னைக்கு வெட்டியிருக்கான்? ஊரக் கூட்டி மானத்த வாங்குறேன் பாரு. நீ சாட்சியா வந்து கொடிய அடையாளம் காட்டு."

விங்கோ திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவள் பின்னால் போனான்.

லுத்விக் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தான். கையை முள் கிழிக்க அவனே ஆற்றோரப் புதரை விலக்கிக் காட்டினான். "தேடுக்கா, நல்லாத் தேடு. இருந்தா நானே பிடுங்கி எரிச்சிடுறேன்."

மிலேனா கோபத்தில் இலையைக்கூடப் பாராமல், பூவில்லாத ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். "இதானே? சொல்லு டிரைவரே!"

அது ஹாப்பே இல்லை, ஏதோ காட்டுச்செடி. ஒரு 'ஆமா' போதும். கதை அங்கேயே முடிந்துவிடும். லுத்விக்கும் அவன் முகத்தையே பார்த்தான். "நீ சொன்னாச் சரி விங்கோ. உனக்குத் தெரியாததா?"

"இது இல்லக்கா," என்றான் விங்கோ. "எங்கூட வா. கொட்டகைக்குப் பின்னாடி."

பின்னிக்கிடந்த இரண்டு கொடிகளையும் மிலேனா உற்றுப் பார்த்தாள். பெண்கொடியிலிருந்து ஒரு பூவைப் பறித்துக் கசக்கி முகர்ந்தாள். "இதானா அந்த மூணாவது பூ?"

"ஆமாக்கா."

"பக்கத்துல நிக்குறது ஆணுன்னு தெரியுமா?"

தெரியாதென்றால் நம்பியிருப்பாள். "தெரியும். ஜூலையிலயே."

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "மண்வெட்டிய எடு. ரெண்டையும் தோண்டு."

"பூவோடவா?"

"பூவோட."

தோண்டத் தோண்ட வேர் வேலிக்கு அடியில் அவள் வயல் பக்கமே ஓடியிருந்தது.

விருந்துக்கு அவன் அவுரோராவையும் அந்த மூட்டைப் பூவையும் மட்டும் போட்டுக் காய்ச்சினான். லுத்விக் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "என்னப்பா, இந்தத் தடவ ஏதோ குறையுதே?" என்றான்.

"வாய மூடிட்டுக் குடி," என்றாள் மிலேனா.

விங்கோ அவள் பக்கம் திரும்பினான். போன வருஷம் மூன்று கிளாஸ் குடித்தவள் கிளாஸில் இப்போது பாதி அப்படியே இருந்தது.