வெயிலில் எரியும் விளக்கு

சும்மாட்டைச் சுற்றும்போது ஜெயக்கொடி டீச்சரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பழைய சேலைத் துண்டை முறுக்கி, உள்ளங்கையில் வளைத்துச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, தலையில் வைத்து அமுக்கிப் பார்ப்பார். மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் பிரித்து மறுபடியும் சுற்றுவார். “பேசுனா முறுக்கு தளந்துரும்” என்பார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார, பெரிய வகுப்புப் பெண்கள் இருவர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கி வைப்பார்கள். முட்டியில் கை ஊன்றாமல் எழுந்து, வாய்க்கால் கரையோடு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

பெட்டிக்குள் இருப்பது மேஜிக் லாந்தர். தகரக் கூடு, பித்தளைக் குழாய், அதன் முனையில் கனத்த கண்ணாடி. கூட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, கண்ணாடியில் தீட்டிய படம் ஒன்றைச் செருகினால், எதிரே கட்டிய வேட்டியில் அது ஆள் உயரத்துக்கு விழும். சோழவந்தானுக்குத் தெற்கே வைகையைத் தாண்டி இருக்கும் நாலு ஆரம்பப் பள்ளிகளுக்கும் சேர்த்துக் கல்வி இலாகா கொடுத்தது இந்த ஒரே பெட்டிதான். டீச்சருடைய பள்ளியில் குடியிருந்துகொண்டு வாரம் ஓர் ஊருக்கு விருந்து போய்வரும். முன்னே ஒரு கூலியாள் சுமந்தான். அவன் கள்ளுக்கடை வாசலில் பெட்டியைத் தொப்பென்று இறக்கியதில் திமிங்கலப் படத்தின் வயிற்றில் கீறல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து டீச்சரே சுமக்கிறார். வெற்றிலைக் கூடையில் வைக்கிற வாழைச் சருகைப் படங்களுக்கு நடுவே வைத்துக் கட்டும் யோசனையும் அவருடையதே. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் புருஷர் பேயாண்டி, “எங்க வீட்டுல நான் வெத்தல சுமக்குறேன், அவ வெளக்கு சுமக்குறா” என்று சந்தையில் சொல்லிக்கொள்வார். அலுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும், கேட்டால் பெருமை தெரியும்.

இந்தப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி என்றால் வேறு அர்த்தம் உண்டு. சிவராத்திரிக்குக் குலசாமியின் பட்டும் நகையும் வைத்த பெட்டியைப் பூசாரி தலையில் சுமந்து கோயிலுக்குப் போவார். எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையை விட்டு இறங்கி நிற்பார்கள். டீச்சர் முதல் தடவை வரப்பில் வந்தபோதும் களை எடுத்தவர்கள் பதறிப்போய் இறங்கி நின்று கும்பிட்டார்கள். “சாமி இல்ல தாயி, பள்ளிக்கூடம்” என்றார் டீச்சர். அதிலிருந்து வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார். அவர்களும் சரி என்று தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி இறங்கி நிற்பார்கள்.

நிஜப் பெட்டியைச் சுமக்கும் பூசாரி நல்லகாமனுக்கு இது பொறுக்கவில்லை. நெடுநெடுவென்ற ஆள், கையில் எதைக் கொடுத்தாலும் அசையாமல் பிடிப்பார், கோபம் மட்டும் பொசுக்கென்று வந்துவிடும். “பொம்பள தலையில கறுப்புப் பெட்டி. சனம் சாமின்னு எறங்குது. இது அடுக்குமா தாயி?” என்று வழிமறித்தே கேட்டுவிட்டார். “தொறந்தே காட்டுறேன், வந்து பாருங்க சித்தப்பா” என்றார் டீச்சர். பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் போய்விட்டார்.

டீச்சருடைய பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் காட்டுகிறேன் பேர்வழி என்று பிள்ளைகளை வாய் பிளக்க வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை. இருட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, “பாக்குறதுக்கு முந்தி நெனச்சுப் பாருங்க. கடல் எம்புட்டு இருக்கும்?” என்பார். நம்ம கண்மாய் அம்புட்டு என்பான் ஒருவன், வைகையில் வெள்ளம் வந்த அம்புட்டு என்பாள் இன்னொருத்தி. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் படம் விழும். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்துபோய் வேட்டியைத் தொட வேண்டும். “ஈரமா இருக்கா? இல்லேல்ல. படம் வேற, கடல் வேற. கடலப் பாக்க நீங்கதான் ஒரு நாளைக்குப் போகணும்.” இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எத்தனை பெரிய பள்ளிக்கூடத்திலும் கொண்டுபோய் நிறுத்தலாம்.

யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய் போயிற்று. கூப்பனுக்குக் கிடைப்பது வீட்டுச் சிமினிக்கே பற்றவில்லை. மூன்று பள்ளிகள் பெட்டியை மறந்துவிட்டன. டீச்சர் மறக்கவில்லை. ஒரு நாள் காலையில் தலைவாரும்போது கண்ணாடியில் பட்ட வெயில் எகிறி உள்ளறைச் சுவரில் விழுந்தது. பாயின் கோரை ஒவ்வொன்றும் தெரிகிற வெளிச்சம். சீப்பு தலையிலேயே நிற்க, அவர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அன்று பள்ளிக்குத் தாமதம். அப்புறம் தச்சரைப் பிடித்து, நாலு பள்ளிகளிலும் ஒரு ஜன்னல் பலகையில் ஓட்டை போட்டாகிவிட்டது. வெளியே கண்ணாடி வெயிலைப் பிடித்து ஓட்டை வழியாக லாந்தருக்குள் அனுப்பும். மற்ற ஜன்னல்களை மூடப் பிள்ளைகள் வீட்டுக்கொரு கம்பளி கொண்டுவருவார்கள். விளக்கு வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்த கடல் இப்போது நீலமாகத் தெரிகிறது. அந்தக் கண்ணாடி டீச்சருடைய கல்யாணச் சீர். மூலையில் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது.

இதொன்றும் இலாகாவுக்குத் தெரியாது. எண்ணெய் இல்லாமல் பெட்டி சும்மாதானே கிடக்கும், மின்சாரம் உள்ள மதுரைப் பள்ளி ஒன்றுக்காவது உதவட்டும் என்று முடிவு செய்தார்கள். இன்ஸ்பெக்டர் விஸ்வேஸ்வரன் அதை எடுத்துப்போக வந்தார். அந்த வாரம் பெட்டி நல்லகாமனின் ஊரில். வண்டியைக் கப்பிச் சாலையில் நிறுத்திவிட்டு, பூட்ஸ் காலோடு வரப்பில் நடந்து வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், பூட்ஸ் கடித்ததில் கொஞ்சம் சிடுசிடுப்பு.

“எண்ணெய் இல்லாம எப்படிம்மா படம் காட்டுவேள்?” என்றார்.

“வெயில் இருக்கு சார்.”

டீச்சர் ஜன்னல்களில் கம்பளியை மாட்டிக்கொண்டே யோசித்தார். இன்றைக்குப் பெட்டி போனால் போனதுதான், இந்தப் பிள்ளைகள் கடலை எதிலே பார்க்கும்? போதாததற்குக் கண்ணாடி பிடிக்க ஆள் இல்லை. வெயில் நகர நகரக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும், கை நடுங்கினால் படம் ஆடும். அந்த ஊர் வாத்தியாரோ இன்ஸ்பெக்டரின் பக்கத்தை விட்டு அசைவதாக இல்லை. வெளியே வந்து பார்த்தால் வேப்ப மரத்தடியில் நல்லகாமன். பெட்டியை ஒரேயடியாகக் கொண்டுபோகச் சொல்லி அதிகாரியிடம் முறையிட வந்திருந்தார்.

“சித்தப்பா, நல்லவேளை வந்தீங்க. இதக் கொஞ்சம் பிடிங்க. அந்த ஓட்டைய விட்டு வெயில் வெலகாமப் பாத்துக்கங்க” என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார். முறையிட வந்தவர் வாயைத் திறப்பதற்குள் கையில் சூரியன் இருந்தது. அதற்குமேல் என்ன செய்ய? பிடித்தார்.

உள்ளே திமிங்கலம் வேட்டி முழுவதும் நிறைந்து, இம்மியும் அசையாமல் நின்றது. அப்படி ஓர் அசையாத படம் இதுவரை விழுந்ததில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைச் சோதிக்க நினைத்து, “திமிங்கலத்துக்கு வயித்துல கோடு இருக்கே, அது என்னது?” என்று கேட்டார். ஆளுக்கொன்றாக ஏதாவது உளறும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

மாயக்காள் என்ற சிறுமி எழுந்தாள். “அது திமிங்கலத்துல இல்ல சார், கண்ணாடியில இருக்கு. பெட்டியக் கீழ போட்டதுல கீறிருச்சு. படம் வேற, திமிங்கலம் வேற.”

டீச்சர் இருட்டில் நின்றிருந்ததால் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட அப்படி நெஞ்சு நிறைந்திருக்காது.

பாடம் முடிந்தது. நல்லகாமன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக் கொடுத்துவிட்டு வயலைப் பார்க்கப் போனார். இன்ஸ்பெக்டர் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினார். “வண்டி காத்துண்டிருக்கு, பெட்டியை எடுத்துக்கோங்கோ” என்றார். டீச்சர் சும்மாட்டைச் சுற்றினார். வழக்கத்தைவிட நேரம் ஆனது.

வரப்பில் டீச்சர் முன்னால், பூட்ஸ் சத்தம் பின்னால். பாதை ஓர் இடத்தில் பிரியும். இடது பக்கம் வண்டி நிற்கும் சாலை, வலது பக்கம் டீச்சருடைய பள்ளிக்கூடம். அந்தப் பிரிவில் மண்வெட்டியோடு நல்லகாமன் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார்.

டீச்சருக்கு வார்த்தை தன்னால் வந்தது. “சாமி இல்ல சித்தப்பா, பள்ளிக்கூடம்.”

“தெரியும் தாயி. வெயிலப் பிடிச்சது நான்தான” என்றவர், டீச்சருக்குப் பின்னால் வந்த பூட்ஸ் காலை ஏறிட்டுப் பார்த்தார்.

பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது. தலையில் பாரம் உள்ளவரால் திரும்பிப் பார்க்க முடியாது. டீச்சர் அப்படியே நின்றார். பின்னால் யாரோ குனிகிற மூச்சு, கயிறு அவிழ்கிற சரசரப்பு. பிறகு இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது.

“சாலைக்கு வேண்டாம்மா. உங்க பள்ளிக்கூடத்துக்கே நடங்கோ.”

டீச்சர் ஒரு கையால் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு வலது பக்கம் திரும்பினார். ஈர வரப்பில் அவருக்குப் பின்னால் வெறுங்கால் சத்தம் வந்துகொண்டிருந்தது.